நாலாவது பிளக்

நெடுந்தீவில் குளம் வெட்ட வந்த பெக்கோ மிசின் குளத்துக்குள்ளேயே படுத்துவிட்டது. படுத்தது என்றால் ஒரேயடியாகப் படுத்ததென்று சொல்ல முடியாது. காலையில் ஸ்ராட் பண்ணினால் நல்ல பிள்ளையாக எழும்பும். எஞ்சின் சூடேறி, வாளியை மண்ணுக்குள் இறக்கி இழுக்கிற நேரம் பார்த்து, ஓட்டுகிறவரின் முன்னால் மூன்று மஞ்சள் லைற்றுகள் ஒன்றாகப் பற்றும். அத்தோடு எஞ்சினின் பலம் அடங்கிப் போகும். கலியாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல் சத்தம் மட்டும் போடுகிற சித்தப்பாமார் இருப்பார்களே, அந்த மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும்.

புரட்டாதி முடியப்போகிறது. மாரி தொடங்குவதற்குள் குளத்தை ஆழமாக்கினால்தான் அடுத்த கோடையில் மாடுகளுக்குத் தண்ணீர். பாதிக் குளம் வெட்டியும் பாதிக் குளம் வெட்டாமலும் கிடந்தது. கொந்தராத்து எடுத்தவர் புளியங்கூடல் மார்க்கண்டு. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினார். வந்தவர் மஞ்சள் லைற் எந்த சென்சரைச் சொல்கிறதோ அந்த சென்சரைக் கழற்றிப் புதிது போட்டார். லைற் திரும்பவும் பற்றியது. அடுத்ததையும் மாற்றினார், அதுவும் பற்றியது. கடைசியில், மிசினைப் பார்ஜ் படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் படகேறிப் போய்விட்டார். பார்ஜில் ஏறிப் போகிற மிசின் மாரிக்கு முதல் திரும்பி வராது என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் தயானி மார்க்கண்டுவிடம் போனாள். அவளுடைய வீடு குளத்துக்குப் பின்னால், கல்வேலிக்கு அந்தப் பக்கம். அவளுடைய மாடுகள் இந்தக் குளத்தில்தான் குடிக்கும்.

"என்ரை அவர் உந்த மிசினுகளுக்குப் பிழை பாக்கிறதுதான் வேலை, அண்ணை. கட்டாரிலை, கல்லுடைக்கிற இடமொண்டிலை. போனிலை கேட்டுப் பாப்பமோ?"

மார்க்கண்டு முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். "போனிலை பாத்துச் சுகப்படுத்த இது என்ன தலையிடியே, பிள்ளை? சரி, கேட்டுப் பாரும். உண்மையிலை அப்பிடி ஒரு ஆள் எனக்குத் தேவை. உப்புக் காத்திலை மூண்டு மிசினை வைச்சுக்கொண்டு நான் படுற பாடு. அவர் வாறதெண்டால் சொல்லும், நாளைக்கே வேலைக்கு எடுக்கிறன்."

கடைசி வசனத்தைத் தயானி மனதுக்குள் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கப் போனதே அதைத்தான். மிசினும் குளமும் அதற்குப் பிறகுதான்.

கலியாணம் முடித்து ஒரு வருசம்கூட ஆகுமுன்னர் றொபின்சன் கட்டாருக்குப் போனான். போய் இரண்டு வருசம் கழிந்துவிட்டது. ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள், மற்றவர்கள் உடுப்பு மாற்றுவார்கள், நித்திரை கொள்வார்கள் என்று சொல்லி அவன் வீடியோவில் வருவதே இல்லை. குரல் மட்டும் வரும். சுகமாக இருக்கிறேன் என்பான். சாப்பிட்டேன் என்பான். அவள் சாப்பிட்டாளா என்று கேட்பான். எப்போது வருவீர்கள் என்று அவள் வாயெடுத்தால், அங்கே வந்து நான் என்ன வேலை செய்வது என்பான். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. இப்போது பதில் ஒன்று மார்க்கண்டுவின் வாயிலிருந்தே வந்திருக்கிறது. இந்த மிசினின் பிழை பெரிய பிழையாக இருக்கவேண்டும், அவன் வராமல் தீராத பிழையாக இருக்கவேண்டும் என்று அவள் மாதா கோயிலைக் கடக்கும்போது நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகு, மாதாவிடம் இப்படியும் கேட்கலாமோ என்று வெட்கப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டாரில் விடுமுறை. அன்று காலை, பெக்கோ நின்ற கிழக்குக் கரையில் நின்றுகொண்டு தயானி அழைப்பை எடுத்தாள். தீவின் அந்தப் பக்கத்தில் அந்த மூலையில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். மிசினைக் காட்டவேண்டும் என்பதால் றொபின்சன் வீடியோவில் வந்தான். தாடி வைத்திருந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது. தாடி வைத்ததைப்பற்றி அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அந்தத் தாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போனைத் திருப்பும், எஞ்சினைக் காட்டும்" என்றான் அவன்.

திருப்பினாள். படம் இரண்டு தரம் உறைந்து நின்றது. மூன்றாம் தரம் குரலும் சேர்ந்து உறைந்தது.

"வீடியோ வேண்டாம், தயானி. குரல் போதும். ஸ்பீக்கரிலை போட்டுட்டுப் பக்கத்திலை வையும்."

முகம் போய்விட்டது. இரண்டு வருசத்துக்குப் பிறகு வந்த முகம் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. அவள் போனை எஞ்சின் மூடியின் விளிம்பில் சாத்தி வைத்தாள்.

பெக்கோ ஓட்டுகிறவர் மரியதாசன். அதற்கு முன்னம் முப்பது வருசம் படகு எஞ்சின்களோடு கிடந்தவர். அவரிடம் பற்றறி பார்க்கிற பழைய மீற்றர் ஒன்று இருந்தது. ஆனால் வெள்ளெழுத்து. மீற்றரின் சின்ன இலக்கங்கள் அவருக்கு எறும்பு ஊருவது போலத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கடலில் விழுத்தியவர் இன்னும் வேறு வாங்கவில்லை. ஆகவே அவர் மேலே சாவியைப் பார்த்துக்கொள்வது, தயானி கீழே கையை விட்டு இலக்கம் வாசிப்பது என்று முடிவானது. மார்க்கண்டு கொஞ்சம் தள்ளிப் பூவரசு நிழலில் நின்று, இன்னொரு மிசினைப்பற்றி இன்னொருவரோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதல்லை லைற் பத்திற வரைக்கும் வேலை செய்யச் சொல்லும்" என்றான் றொபின்சன். "பத்தின உடனை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, சாவியை மட்டும் போட்டு வைக்கச் சொல்லும். சூடு ஆற முன்னம் பாக்கவேணும்."

மரியதாசன் மண்ணை இழுத்தார். மூன்று லைற்றுகளும் பற்றின. எஞ்சின் நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"மூண்டும் சேந்துதானே பத்தினது?"

"ஓம்."

"எண்ணெய் அழுத்தம், டீசல் அழுத்தம், காத்து அழுத்தம். மூண்டு சென்சரும் ஒரே நேரத்திலை பழுதாகாது, தயானி. உந்த மூண்டுக்கும் ஒரே வயரிலைதான் சாப்பாடு போகுது. ஐஞ்சு வோல்ற் போகவேணும். அது போகேல்லையெண்டால் மூண்டும் அழும். அழுற பிள்ளையை மாத்தி என்ன பிரயோசனம்? உம்மிட்டைச் சட்டை ஊசி இருக்கோ?"

அவள் தோளிலிருந்து சட்டை ஊசியைக் கழற்றினாள். அவன் சொல்லச் சொல்ல, எண்ணெய் சென்சரின் பிளக்குக்குப் பின்னால் வயரை ஒட்டி ஊசியை நுழைத்தாள். மீற்றரின் சிவப்பு முனையை ஊசியிலும் கறுப்பு முனையை எஞ்சின் இரும்பிலும் கவ்வ வைத்தாள். அவன் பொறுமையாகச் சொன்னான். எந்த விரல், எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்று சொன்னான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் அவளோடு இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. அவள் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க மனம் வரவில்லை, துடைக்கிற நேரத்தில் ஒரு சொல் தவறிவிடும் என்று பயந்தாள்.

"என்ன காட்டுது?"

"ரெண்டு தசம் ஒண்டு நாலு."

"நான் நினைச்சன். யாரோ ஒருத்தன் உந்த வயரிலை இருந்துகொண்டு எல்லாற்றை சாப்பாட்டையும் தின்னுறான். இப்ப ஒவ்வொரு பிளக்கா இழுத்துக் கழட்டுவம். எதைக் கழட்ட ஐஞ்சுக்கு ஏறுதோ, அவன்தான் கள்ளன்."

ஊசியை இருந்த வயரிலேயே விட்டுவிட்டு, எண்ணெய் சென்சரின் பிளக்கை அவள் கழற்றினாள். ரெண்டு தசம் ஒண்டு ஒன்பது. டீசல் சென்சர். ரெண்டு தசம் ரெண்டு ஒண்டு. காற்று சென்சர். ரெண்டு தசம் ஒண்டு ஏழு. ஒவ்வொரு தரமும் அவன் 'ம்' என்றான். மூன்றாவதற்குப் பிறகு அவளுக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. மூன்றும் இல்லை. பெரிய பிழைதான்.

"இன்னும் ஒண்டு இருக்கு" என்றான் றொபின்சன். "அதே வயரிலை நாலாவது. புகையைத் திருப்பி எஞ்சினுக்கை விடுற வால்விலை இருக்கும். அதுக்கு லைற் பத்தாது."

"லைற் பத்தாட்டில் அதிலை ஏன் பிழை இருக்கப் போகுது?"

"சில சென்சர் அப்பிடித்தான். உள்ளுக்கை செத்துக்கொண்டிருக்கும், ஆனால் கம்பியூட்டருக்கு நல்லா இருக்கிறன் நல்லா இருக்கிறன் எண்டு அளவான கணக்கொண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். கம்பியூட்டரும் நம்பும்."

மரியதாசன் இறங்கி வந்து கையை விட்டுப் பார்த்தார். அவருடைய மணிக்கட்டு அந்த இடுக்குக்குள் போகவில்லை. திரும்ப ஏறிப்போய்ச் சாவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தயானி வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுத் தன் கையை விட்டாள். சூடு சுட்டது. பிளக் கிறீசில் வழுகியது. நகத்தால் பூட்டை நெம்பி இழுத்தாள். கழன்றது.

மறு கையிலிருந்த மீற்றரைப் பார்த்தாள். நாலு தசம் ஒன்பது எட்டு.

கள்ளன் பிடிபட்டான். அவளைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. மரியதாசன் பார்த்தாலும் தெரியாது. மார்க்கண்டு நிழலில் நின்றார். றொபின்சன் கடலுக்கு அப்பால், முகம் இல்லாமல், எஞ்சின் மூடியின் விளிம்பில் காத்திருந்தான்.

"என்ன காட்டுது, தயானி?"

அவள் அந்த இலக்கத்தைப் பார்த்தாள். இதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பிளக்கைத் துடைத்துப் போட்டால் மிசின் ஓடும். போனை வைப்பான். பிறகு பழையபடி சாப்பிட்டேன், நீர் சாப்பிட்டீரா.

"ரெண்டு" என்றாள்.

சிக்னல் போய்விட்டதோ என்று அவள் பார்த்தாள். சிக்னல் இருந்தது.

"அப்ப கம்பியூட்டரைத்தான் பாக்கவேணும்" என்றான் அவன், மெதுவாக. "அதைப் போனிலை பாக்கேலாது."

போன் சண்டையை முடித்துக்கொண்டு அப்போதுதான் கிட்ட வந்த மார்க்கண்டு இதைக் கேட்டார். குனிந்து போனுக்குள் பேசினார். "அப்ப நீர் வாரும் தம்பி. ரிக்கெற்றை நான் பாக்கிறன். இந்த மிசினைப் பாத்து முடிச்சுப்போட்டு இஞ்சையே நில்லும். உம்மைப்போல ஆளைத்தான் நான் தேடிக்கொண்டு திரியிறன்."

தயானி இரண்டு வருசமாகக் காத்திருந்த வசனம், அட்சரம் பிசகாமல், வேறொருவருடைய வாயால், அவன் காதில் விழுந்தது. மாடுகள் குளத்தின் வெட்டாத பக்கத்தில், பாசி பிடித்த சேற்றுத் தண்ணீரில் மூக்கை வைத்து ஊதிவிட்டுக் குடிக்காமல் நின்றன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"அண்ணை, போனைத் தயானியிட்டைக் குடுங்கோ" என்றான் றொபின்சன். அவள் கையில் எடுத்ததும், "ஸ்பீக்கரை நிப்பாட்டும்" என்றான்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பெக்கோவின் பின் சில்லுக்கு மறைவாகப் போனாள்.

"தயானி, மீற்றர் ஒருநாளும் வெறும் ரெண்டு எண்டு சொல்லாது."

அவள் சில்லில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"முதல் எல்லாத்துக்கும் தசம் சொன்னனீர். கடைசிக்கு மட்டும் வெறும் ரெண்டு. எனக்கு இலக்கத்திலைதான் சாப்பாடு. நாலாவதைக் கழட்ட ஐஞ்சுக்கு ஏறிச்சுதுதானே?"

"நீங்கள் வரவேணும்" என்றாள் தயானி. அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள். "எனக்கு மிசினும் வேண்டாம், குளமும் வேண்டாம். அவர் வேலை தாறன் எண்டு சொல்லுறார். உங்களுக்குக் கேட்டதுதானே? இஞ்சை வேலை இருக்கு. இனியும் அங்கை வந்து என்ன வேலை எண்டு கேக்காதேங்கோ."

"கேட்டது."

"பிறகென்ன?"

அவன் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "போன மாசம் திரும்பவும் கையெழுத்து வைச்சிட்டன். இன்னும் ரெண்டு வருசம். பாஸ்போட் கொம்பனியிட்டை. ஆர் ரிக்கெற் போட்டாலும் நான் இப்ப வரேலாது."

"போன மாசமோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் கதைச்சனீங்கள்தானே? ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் அழுவீர் எண்டு."

"சொல்லாட்டில் அழமாட்டன் எண்டு நினைச்சியளோ?"

தயானி சில்லின் றப்பரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சேறும் டீசலும் மணத்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய ஒட்டிய கன்னம்தான் ஞாபகம் வந்தது. போன மாசம் முழுவதும் அந்தக் கன்னத்தோடுதான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. கடைக்குப் போனவனுக்குக் காத்திருப்பது போல இன்னும் இரண்டு வருசம் காத்திருக்க முடியாது என்றும் இருந்தது.

முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எஞ்சினடிக்கு வந்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நான் பிழையா வாசிச்சுப்போட்டன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "நாலு தசம் ஒன்பது எட்டு."

மார்க்கண்டுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. றொபின்சன் ஒன்றும் நடவாதது போல வேலைக்குத் திரும்பினான். "பிளக்கின்ரை உள்பக்கம் என்ன நிறம்?"

"கிறீஸ். அதுக்குக் கீழை பச்சையா, பூஞ்சணம் மாதிரி."

"மரியதாசன் அண்ணை, மிசின் பார்ஜாலை இறங்கின அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

மரியதாசன் மேலேயிருந்து தலையை நீட்டினார். "கடல்தண்ணி அடிச்சதெண்டு நல்லாக் கழுவினனான், தம்பி. கழுவிப்போட்டு எல்லாப் பிளக்குக்கும் கிறீஸ் அடைச்சனான். போட் எஞ்சினுக்கு நாங்கள் அப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

"எந்தத் தண்ணியிலை கழுவினனீங்கள்?"

மரியதாசன் குளத்தடிக் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நெடுந்தீவில் குடிக்கிற தண்ணீரை வாளி வாளியாக மிசினுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? குளத்தடிக் கிணற்றில்தான் அள்ளி ஊற்றியிருக்கிறார். அந்தக் கிணறு உவர். தீவில் பிறந்தவர்களுக்கு அது உப்பென்றே நாக்கில் படாது, தேத்தண்ணீருக்குத்தான் சரிவராது என்பார்கள். கடலுப்பைக் கிணற்று உப்பால் கழுவி, அது காயுமுன்னர் மேலே கிறீசால் பத்திரமாக மூடிவிட்டார் மனுசன்.

"உப்பை வெளியிலை போகவிடாமல் நீங்களே பூட்டி வைச்சிருக்கிறியள், அண்ணை" என்றான் றொபின்சன். அவன் சிரித்தான்.

பழைய பல்லுத் தீட்டுகிற புருசு ஒன்றையும் கொஞ்சம் பெற்றோலையும் வைத்து அவள் பச்சையைச் சுரண்டினாள். சென்சரின் கால்கள் வெள்ளையாகும் வரைக்கும் விடவில்லை. ஊதினாள், துணியால் ஒற்றினாள், வெயிலில் காயவிட்டாள். எல்லாப் பிளக்குகளையும் பூட்டினாள். மரியதாசன் எஞ்சினைப் போட்டு, வாளியை ஆழமாக இறக்கி இழுத்தார். எஞ்சின் சூடேறியது. பயந்து பயந்து எல்லோரும் லைற்றைப் பார்த்தார்கள். பற்றவில்லை. வாளி நிறைய மண்ணோடு பெக்கோ திரும்பியது.

மார்க்கண்டுவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. போனை வாங்கி வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பேசினார். "அருமை தம்பி, அருமை. இனி நீர் வரவே தேவையில்லை. அங்கை இருந்து சொல்லும், உம்மடை மனுசி இஞ்சை கையை விடுவா. பிள்ளைக்கு நல்ல கை. என்ரை மற்ற மிசினுகளுக்கும் இப்பிடியே செய்வம்."

மனம் நிறைந்துதான் சொன்னார். சொல்லிவிட்டு போனை அவளிடம் நீட்டினார்.

தயானி வாங்கினாள். "கேட்டியளே?" என்றாள் போனுக்குள்.

அவன் ஏதோ சொன்னான். பெக்கோ உறுமியதில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "அந்த ரெண்டு வருசத்துக்குப் பிறகு? அப்ப வாறியளோ, திரும்பவும் கையெழுத்து வைக்கிறியளோ?"

அவன் பதில் சொன்னான். சொன்னது மட்டும் தெரிந்தது. எஞ்சின் அதை விழுங்கிவிட்டது. அவள் கல்வேலிப் பக்கமாக நடந்து பார்த்தாள். குரல் அறுந்தது. திரும்பி வந்தாள். குரல் வந்தது, எஞ்சினும் கூடவே வந்தது. திரும்பவும் கேட்டாள். திரும்பவும் அவன் சொன்னான். கேட்கவில்லை.

அவள் பெக்கோவின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள். வாளி அந்தரத்தில் நின்றது. மரியதாசன் என்ன என்று தலையால் கேட்டார். நிப்பாட்டுங்கோ என்று அவள் சைகை காட்டினாள். மரியதாசன் மார்க்கண்டுவைப் பார்த்தார். மார்க்கண்டு வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். எஞ்சின் நின்றது.

குளம் முழுவதும் சத்தம் ஓய்ந்தது. இரண்டு ஆம்பிளைகளும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற நாளென்றால் அவள் வெட்கத்தில் செத்திருப்பாள்.

"ஏன் எஞ்சின் நிண்டது?" றொபின்சனின் குரல் பதறியது. "திரும்பவும் லைற் பத்தினதோ?"

"லைற் பத்தேல்லை. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான். எனக்கு நீங்கள் சொன்னது கேக்கேல்லை. இப்பச் சொல்லுங்கோ."

அவள் அவசரப்படுத்தவில்லை. சுகமாக இருக்கிறேன் என்றோ, யோசிக்காதேயும் என்றோ ஏதும் வந்துவிடக்கூடாது என்று மட்டும் அவள் மனம் கிடந்து அடித்தது.

"தெரியேல்லை, தயானி" என்றான் அவன். "வரவேணும்போலைதான் ஒவ்வொரு நாளும் இருக்கு. ஆனால் வருவனோ எண்டு எனக்கே தெரியேல்லை."

"சரி" என்றாள் தயானி.

அவள் மரியதாசனைப் பார்த்துக் கையைக் காட்டி, எஞ்சினைப் போடச் சொன்னாள்.